பூவரசங்குற்றியில் இருந்து கிண்ணம் வரை: மரக்கடைசல் செய்முறை

கடைந்த கிண்ணம் வெடிப்பதற்கான காரணம் பெரும்பாலும் அது லேத்தில், அதாவது மரத்தைச் சுழற்றும் கடைசல் இயந்திரத்தில், ஏறுவதற்கு முன்னரே நடந்து முடிந்துவிடுகிறது. குற்றியை எங்கே பிளந்தோம், எந்தப் பக்கத்தை விளிம்பாக வைத்தோம், ஈரத்தை எத்தனை மாதத்தில் போகவிட்டோம் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. உளி பிடிக்க ஒரு மாதத்தில் கை படிந்துவிடும். நாரின் போக்கைப் பார்க்கக் கண் படிவதற்கு அதைவிடக் காலம் எடுக்கும். அதனால் மரத்தைப் பற்றிய பகுதி இங்கே சற்று நீளமாகவே இருக்கிறது. அளவுகள் எல்லாம் 10 அங்குல விட்டமும் 4 அங்குல உயரமும் உள்ள ஓர் அலங்காரக் கிண்ணத்துக்கு உரியவை.

எந்த மரம்

மரக்காலையில் கிடைப்பது பலகையும் தீராந்தியும். கிண்ணத்துக்கு வேண்டியது தடித்த, வெட்டி அதிக நாள் ஆகாத குற்றி. அது விறகுகாலைகளிலும், வேலியைப் பிடுங்கி மதில் கட்டுகிற வளவுகளிலும் கிடைக்கும்.

எங்கள் முதல் தெரிவு பூவரசு. வைரம் எனும் உள்மரம் கடும் செம்பழுப்பு, வெளிறு எனும் வெளிமரம் இளமஞ்சள். இரண்டும் ஒரே கிண்ணத்தில் வரும்போது சாயம் எதுவும் பூசத் தேவையில்லை. நார் நெருக்கமானது, காயும்போது சுருக்கம் குறைவு, உளிக்கும் இணங்கிப் போகும். பசிபிக் தீவுகளில் உணவுக் கிண்ணம் செதுக்க இதே மரத்தைத்தான் எடுத்தார்கள். ஹவாயில் அதற்கு மிலோ என்று பெயர். எங்கள் ஊரில் அது வேலிக் கதியாலாகவே வாழ்ந்து முடிவதால், அடிமரம் 12 அங்குலம் தடித்த பூவரசு கண்ணில் பட்டால் விறகுக்குப் போகவிடாதீர்கள். அடிக்கடி கொப்பு வெட்டிய மரத்தில் நடு கோறையாக இருக்கும். வாங்கும் முன் இரண்டு வெட்டுமுகங்களையும் பாருங்கள்.

பலா அடுத்தது. கடைந்தவுடன் பளிச்சென்ற மஞ்சள், வெளிச்சம் பட்டு வருடக்கணக்கில் கபில நிறமாகும். பச்சைப் பலாவின் பால் உளியில் பசைபோலப் பிடிக்கும், மண்ணெண்ணெய் நனைத்த கடதாசியால் துடைத்துக்கொண்டே இருக்கவேண்டும். வளவில் நிற்கும் சொந்தப் பலாவாக இருந்தாலும் வெட்ட அனுமதி வேண்டும். இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் கட்டுப்படுத்துகிறது. கிராம சேவையாளரிடம் தொடங்கிப் பிரதேச செயலகத்தில் முடியும் அலுவல் அது.

மா மலிவு, மென்மை, கைபழக நல்லது. ஆனால் நார் பஞ்சுபோலச் சிலிர்க்கும், கூர் குறைந்த உளியை உடனே காட்டிக்கொடுத்துவிடும். வேம்பில் நார் ஓர் அடுக்கு இடப்பக்கமும் அடுத்த அடுக்கு வலப்பக்கமுமாகச் சாய்ந்து பின்னியிருக்கும். எந்தப் பக்கமாக வெட்டினாலும் ஏதோ ஓரிடத்தில் நார் பெயரும். தூள் தொண்டைக்குள் போனால் கசப்பு நெடுநேரம் போகாது. புளியின் வைரம் கறுப்புக்கு நெருங்கிய ஊதா, மிக வடிவு, ஆனால் கல்போல் இறுகியது. வெளிறு உளுத்துப்போகும். முதிரை பளபளப்பில் எல்லாவற்றையும் வெல்லும். அதன் தூள் பலருக்குத் தோலில் சொறியையும் தடிப்பையும் உண்டாக்குகிறது, முழுக்கைச் சட்டையும் முகமூடியும் இல்லாமல் தொடவேண்டாம். புதிய முதிரைக் குற்றியை வழி அனுமதி இல்லாமல் ஏற்றி இறக்கமுடியாது. இடித்த பழைய வீட்டு நிலைகளில் இருந்து எடுத்த துண்டுகளே சிறிய சிமிழுக்கும் செம்புக்கும் போதும்.

பனையில் கிண்ணம் கடைய முயற்சி செய்பவர்கள் ஏமாந்துபோவார்கள். பனைக்கு மற்ற மரங்களைப்போல வளையங்கள் இல்லை. வெளிப்புறம் கறுப்பு நார் செறிந்த வைரம், உள்ளே போகப்போகச் சோறு. கூரையின் சிலாகைக்கும் வளைக்கும் பேர்போன அந்தக் கறுப்பு நார் உளியில் குறுக்காகப் பட்டால் ஊசி ஊசியாகப் பெயரும், கையில் ஏறினால் சீழ்வைக்கும். பனையை நெடுக்குவாட்டில் பிடித்து ஒடுங்கிய பாத்திரமாகக் கடைந்தால் மட்டும் சரிவரும்.

வேலியில் நின்ற மரத்தில் முள்ளுக்கம்பியும் கூராணியும் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். போர்க் காலத்தைக் கண்ட மரம் என்றால் சன்னங்களும் செல் துண்டுகளும் இருக்கலாம். வெளியே காயம் ஆறிப் பட்டை மூடியிருக்கும். வெட்டுமுகத்தில் நீலங்கலந்த கறுப்புக் கறை ஒன்று நெடுக்காக ஓடினால் அதன் அந்தத்தில் இரும்பு இருக்கிறது. மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து வரும் நிறம் அது. காந்தம் மேற்பரப்பில் உள்ளதை மட்டும் காட்டும், ஈயச் சன்னத்தைக் காட்டாது. கையில் பிடிக்கும் உலோகங்காட்டி ஒன்று கிடைத்தால் ஒவ்வொரு குற்றியையும் சுற்றிவரப் பாருங்கள். சுழலும் மரத்தில் உளியின் வாய் இரும்பில் பட்டால் உளி போவது சின்ன நட்டம். துண்டு தெறித்து முகத்துக்கு வரும்.

குற்றியை அரிதல்

10 அங்குலக் கிண்ணத்துக்கு பட்டை நீக்கி 12 அங்குல விட்டமுள்ள குற்றியை எடுத்து, 12 அங்குல நீளத்தில் தறியுங்கள். பழைய வெட்டுமுகத்தில் மயிர்போன்ற வெடிப்புகள் தெரிந்தால் அவை மறையும்வரை வெட்டி எறிந்துவிட்டு அங்கிருந்து அளக்கவேண்டும்.

மரத்தின் நட்டநடுவில் ஒரு புள்ளி தெரியும், அதுதான் குருத்து. சுற்றியுள்ள வளையங்கள் சுருங்கும்போது வளையத்தின் வழியே ஏற்படும் சுருக்கம், நடுவில் இருந்து வெளியே போகும் திசையிலான சுருக்கத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. முழு வட்டமாக இருக்கும் மரம் இதைத் தாங்கமாட்டாமல் குருத்தில் இருந்து வெளிநோக்கி வெடிக்கும். குருத்தை உள்ளே வைத்துக் கடைந்த கிண்ணம் வெடிக்காமல் இருப்பது அபூர்வம். ஆகவே குருத்தின் வழியே இரண்டாகப் பிளந்து, பிளந்த ஒவ்வொரு முகத்திலும் மேலும் அரை அங்குலம் அரிந்து எறியுங்கள். ஒரு குற்றியில் இரண்டு கிண்ணம்.

பிளந்த தட்டை முகம் கிண்ணத்தின் விளிம்பாகும், பட்டைப் பக்கம் அடியாகும். தட்டை முகத்தில் கவராயத்தால் 10½ அங்குல வட்டம் போட்டு, பாண்ட் சோவில் (மின்சாரப் பட்டைவாளில்) வட்டமாக அரியுங்கள். பாண்ட் சோ இல்லையென்றால் மூலைகளை வெட்டி எட்டு மூலையாக்கினாலும் போதும். உடனே ஏற்ற வசதியில்லாத துண்டுகளின் வெட்டுமுகங்களுக்கு அன்றே உருக்கிய மெழுகு பூசவேண்டும். ஈரம் பக்கவாட்டில் போவதைவிடப் பலமடங்கு வேகமாக வெட்டுமுகத்தால் போகும். அதை அடைக்காவிட்டால், வைகாசிக்குப் பிறகு வீசும் வறண்ட தென்மேற்குக் காற்றான சோளகத்தில் மூன்று நாளில் துண்டு வாய் பிளந்துவிடும்.

லேத்தும் உளியும்

ஒரு குதிரைவலு மோட்டர் போதும். சாதாரணமாகக் கிடைக்கும் மோட்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1440 சுற்றுச் சுற்றும். மோட்டரில் 2½ அங்குலக் கப்பியும் லேத் தண்டில் 5 அங்குலக் கப்பியும் போட்டால் 720 சுற்று வரும். மோட்டர்க் கப்பியை 2 அங்குலமாக்கினால் 576. கிண்ணத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்துச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கினால் விடை 6000க்கும் 9000க்கும் இடையில் இருக்கவேண்டும். 10 அங்குலத்துக்கு 600 முதல் 900 வரை. வட்டம் சீராகாத பச்சைக் குற்றிக்கு அதற்கும் கீழே, 400 முதல் 500 வரை. லேத் அதிர்ந்தால் வேகத்தைக் குறையுங்கள், காலடியில் மண்மூட்டை வையுங்கள். மரம் முன்பக்கத்தில் மேலிருந்து கீழாக, உங்களை நோக்கிச் சுற்றவேண்டும். தண்டின் உயரம் உங்கள் முழங்கை உயரம். மோட்டருக்கு நீண்ட மெல்லிய வயரில் மின்சாரம் கொடுத்தால் மின்னழுத்தம் விழுந்து மோட்டர் சூடாகும்.

உளிகளில் முதலாவது, கடையில் போல் கவுச் என்று கேட்கவேண்டிய ஆழமான குழிவு உளி. அதன் நடுவில் ஓடும் குழிவான வாய்க்காலின் அகலம் அரை அங்குலம் இருந்தால் பெரும்பாலான வேலை அதனாலேயே முடியும். முனையைச் சாணையில் 50 பாகைக்கு பிடிக்கவேண்டும். கிண்ணத்தின் உள் அடிக்கு 65 பாகைக்குப் பிடித்த இன்னொன்று இருந்தால் நல்லது. அடுத்தது 1 அங்குலம் அகலமான வட்டமுனைச் சுரண்டுளி. பிறகு ⅛ அங்குலப் பிரிப்புளி ஒன்று. மூன்றும் எச்.எஸ்.எஸ். எனும் அதிவேக உருக்காக இருக்கவேண்டும். இறக்குமதி உளி விலை கட்டாவிட்டால், இரும்பு லேத்துக்கு விற்கும் ⅜ அங்குலச் சதுர எச்.எஸ்.எஸ். துண்டை, நீளமான மென்னிரும்புக் கம்பியின் முனையில் துளையிட்டு ஸ்குறூவால் இறுக்கிச் சுரண்டுளி செய்யலாம். பழைய அரத்தில் உளி செய்யவேண்டாம். அரம் கடினம் கூடிய, நொறுங்கும் உருக்கு. மரம் இழுத்தால் உளி தாங்கியின் விளிம்பில் வைத்து முறியும்.

கட்டில் காலும் கதிரைக் காலும் உருட்ட வைத்திருக்கும் அகன்ற உருட்டு உளியைக் கிண்ணத்துக்குக் கொண்டுவராதீர்கள். அதன் பிடிக்குள் போகும் வால் மெல்லியது. கிண்ணம் ஒரு சுற்றில் இரண்டு தடவை வெட்டுமுகத்தை, அதாவது நார் அறுபட்டு நிற்கும் பக்கத்தை, காட்டும், அந்த அடியில் வால் உடையும்.

ஈர மரத்தை வெட்டும்போது நீண்ட சீவல் நாடாபோலப் பறக்கவேண்டும். தூள் வந்தால் உளி மழுங்கிவிட்டது. புளி, முதிரையில் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் சாணைக்குப் போகவேண்டி வரும். அதைச் சோம்பலால் தள்ளிப்போடுகிறவர் பிறகு அந்த நேரத்தை மினுக்குவதில் இரட்டிப்பாகக் கொடுப்பார்.

முதற் கடைசல்: வெளிப்புறம்

தட்டை முகத்தில், லேத் தண்டில் பூட்டும் இரும்புத் தட்டான பேஸ்பிளேற்றை வைத்து 12ஆம் இலக்க, 1¼ அங்குல ஸ்குறூ ஆணிகள் ஆறை இறுக்குங்கள். குறைந்தது முக்கால் அங்குலம் மரத்துக்குள் இறங்கியிருக்கவேண்டும். அந்தப் பகுதி பிறகு குடைந்து எறியப்படுவதால் துளை பற்றிக் கவலை இல்லை. ஜிப்சம் பலகைக்குப் பாவிக்கும் கறுப்பு ஆணி வேண்டாம், தலை அறுந்து போகும். மறுபுறம், லேத்தின் எதிர்முனையில் நகரும் முட்டுத்தலையான ரெயில்ஸ்ரொக்கைக் கொண்டுவந்து முட்டுக்கொடுங்கள்.

உளி தாங்கி மரத்தில் இருந்து கால் அங்குலத்துக்கு மேல் விலகி நிற்கக்கூடாது. கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி எங்கும் முட்டவில்லை என்று பார்த்த பிறகே சுவிச்சைப் போடுங்கள். போடும்போது மரத்துக்கு நேரே நிற்காமல் ஒதுங்கி நில்லுங்கள். முகம் முழுவதையும் மூடும் கவசம் கட்டாயம், மூக்குக்கண்ணாடி போதாது. கையுறை போடக்கூடாது. சால்வை, கழுத்துச் சங்கிலி, கோயிலில் கட்டிய கைநூல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வாருங்கள். சாரத்தோடு நின்று வேலை செய்யவேண்டாம்.

இனி நாரின் கணக்கு. இந்தக் கிண்ணத்தில் நார் தண்டுக்குக் குறுக்காக ஓடுகிறது. வெளிப்புறத்தை அடியில் இருந்து விளிம்பை நோக்கி, அதாவது சிறிய விட்டத்தில் இருந்து பெரிய விட்டத்துக்கு வெட்டவேண்டும். அப்படி வெட்டும்போது உளி அறுக்கும் ஒவ்வொரு நாரின் பின்னாலும் நீளமான இன்னொரு நார் தாங்கிக்கொண்டு நிற்கும். எதிர்ப்பக்கமாக வெட்டினால் தாங்க ஆளில்லாத நார் அறுபடாமல் பிய்ந்து வரும். உட்புறம் இதற்கு மறுதலை: விளிம்பில் இருந்து நடுவுக்கு. இது ஒன்றை மாறிச் செய்துவிட்டு உளியில் குறை காண்பவர்கள் நிறையப் பேர்.

உளியின் வாயை நேரே மரத்தில் வைக்காதீர்கள். முதலில் சாணை பிடித்த முதுகு மரத்தில் உரசவேண்டும். கூர் இன்னும் வெட்டாது. பிறகு பிடியை மெல்ல உயர்த்தினால் கூர் இறங்கிச் சீவல் வரும். முதுகு மரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை உளி தன் பாதையை விட்டு விலகாது. வாய்க்கால் போகும் திசையைப் பார்த்துச் சரிந்திருக்கட்டும். பிடியின் பக்கமிருந்து பார்க்கும்போது மணிக்கூட்டு முகத்தில் 10 மணிக்கு. வாய்க்கால் நேரே மேலே, 12 மணிக்குத் திரும்பி, மேல் விளிம்பு மரத்தில் பட்டால் மரம் உளியைக் கடித்து உள்ளே இழுக்கும். கிண்ணம் சிதறுவதும் பேஸ்பிளேற் ஆணி பிடுங்குவதும் அந்தக் கணத்தில்தான்.

வடிவம் பற்றி: அடி விட்டம் விளிம்பின் மூன்றில் ஒன்றுக்கும் ஐந்தில் இரண்டுக்கும் இடையில் இருந்தால் கிண்ணம் நிலத்தில் இருந்து எழும்பி நிற்பதுபோலத் தெரியும். 10 அங்குலத்துக்கு 3½ முதல் 4 அங்குலம். வளைவு எங்கும் நேர்கோடாகித் திரும்பக்கூடாது. வீட்டில் உள்ள பித்தளைச் செம்பையோ மூக்குப்பேணியையோ வெளிச்சத்துக்கு முன்னால் பிடித்து அதன் வயிற்றைப் பாருங்கள். கழுத்தில் இருந்து அடிவரை ஒளிக்கோடு முறியாமல் இறங்குகிறது. அதை மரத்தில் கொண்டுவர முயலுங்கள். கண் தவறவிடும் மேட்டை விரல்நுனி பிடித்துவிடும், லேத்தை நிறுத்திவிட்டுத் தடவிப் பாருங்கள்.

அடியில் சக் (மரத்தைப் பற்களால் கவ்வும் பிடிகருவி) பிடிப்பதற்கான குமிழை இப்போதே செய்யவேண்டும். விட்டம் 3 அங்குலம், உயரம் ⅜ அங்குலம், பக்கம் உள்நோக்கிச் சற்றுச் சரிவு. குமிழின் முனை சக்கின் அடியில் முட்டக்கூடாது. கிண்ணத்தின் தோள்தான் சக் பற்களின் மேல் உட்காரவேண்டும். முனை முட்டினால் பிடி இறுகியதுபோலத் தோன்றும், முதல் கடியிலேயே கழன்று பறக்கும்.

நாலு பல் சக் இல்லாதவர்கள், பச்சை மரத்தில் அடியை 1 அங்குலம் கூடுதலாக விட்டு அதிலேயே பேஸ்பிளேற்றை இறுக்கலாம். காய்ந்தபிறகு செய்யும் இரண்டாம் கடைசலுக்கு ஒட்டுக்கட்டை முறை நல்லது. 3½ அங்குல விட்டமுள்ள உதவாத பலகைத் துண்டு ஒன்றைப் பேஸ்பிளேற்றில் பூட்டி, முகத்தைத் தட்டையாக்கி, வெள்ளை மரப்பசை பூசி, ஒரு தாள் பத்திரிகைக் கடதாசி வைத்து, மறுபடி பசை பூசிக் கிண்ணத்தின் தட்டை அடியில் ஒட்டி ஒரு நாள் இறுக்கி வையுங்கள். வேலை முடிந்ததும் ஒட்டில் உளியை வைத்து மெல்லத் தட்டினால் கடதாசி இரண்டாகப் பிரியும். ஈர மரத்தில் இந்த ஒட்டு நிற்காது.

முதற் கடைசல்: உட்புறம்

கிண்ணத்தைத் திருப்பிச் சக்கில் பிடித்து, விளிம்பு முகத்தைச் சீராக்குங்கள். நடுவில் ஆழத்துக்கு ஒரு துளை போட்டுவிட்டால் பிறகு அளந்துகொண்டிருக்கத் தேவையில்லை. இந்த முதற் கடைசலில் 2⅝ அங்குல ஆழம்.

உள்ளே நுழையும்போதுதான் உளி கூடுதலாகச் சறுக்கும். முதுகுக்கு உரச இடமில்லை. அதனால் பிரிப்புளியால் மெல்லிய கீறல் ஒன்று போட்டு, குழிவு உளியை வாய்க்கால் 3 மணியைப் பார்க்கப் படுத்து நுழையுங்கள். முதுகு கீறலில் படிந்ததும் 2 மணிக்குச் சற்றுத் திருப்பினால் சீவல் வரும். நடுவை முதலில் குடைந்து, படிப்படியாக விளிம்பை நோக்கி அகலப்படுத்துங்கள். ஒவ்வொரு வெட்டும் மட்டும் விளிம்புப் பக்கத்தில் தொடங்கி நடுவில் முடியட்டும்.

பச்சை மரத்தில் சுவரின் தடிப்பை விட்டத்தின் பத்தில் ஒன்றாக விடவேண்டும், இங்கே 1 அங்குலம். மெல்லியதாக விட்டால், கோணிய பிறகு வட்டமாக்க மரம் போதாது. தடிப்பாக விட்டால் வெளி காய்ந்து சுருங்க உள் ஈரமாக நின்று வெடிக்கும். அதைவிட முக்கியம் சுவரும் அடியும் ஒரே தடிப்பாக இருப்பது. அடியைத் தடிப்பாக விட்டுவிட்டு அடியில் வெடிப்பு வருகிறது என்று மரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

காயவைத்தல்

அடியில் பென்சிலால் மரம், திகதி, நிறை மூன்றையும் எழுதுங்கள். சமையலறைத் தராசு போதும். விளிம்பின் இரண்டு வெட்டுமுகப் பக்கங்களுக்கும் மெழுகு பூசி, அதே மரத்தின் சீவலோடு சீமெந்துக் கடதாசிப் பைக்குள் வைத்துக் கட்டுங்கள். பொலித்தீன் பையில் ஒரு கிழமையில் பூஞ்சணம் பிடிக்கும். மாமரத்துக்கு அதன் ஈரச் சீவல் வேண்டாம், காய்ந்த சீவலைப் போடுங்கள், இல்லையென்றால் நீலக்கறை ஏறும்.

ஒரு மாதத்தின் பின் பையைத் திறந்துவிட்டுக் காற்றுப்படாத அறைமூலையில் வைக்கலாம். கிழமைக்கு ஒருதரம் நிறுத்து எழுதுங்கள். மூன்று கிழமை தொடர்ந்து நிறை மாறாவிட்டால் மரம் எங்கள் ஊர்க் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது. 1 அங்குலத் தடிப்புக்கு 3 முதல் 5 மாதம் எதிர்பாருங்கள்.

காலமும் கவனிக்கவேண்டியது. ஐப்பசி தொடங்கி மார்கழிவரை மழை ஈரத்தில் நிறை இறங்கவே மாட்டாது, பூஞ்சணம் ஏறும். வைகாசிக்குப் பிறகு சோளகம் ஒரே மூச்சில் காயவைத்துப் பிளக்கும். தையிலும் மாசியிலும் குற்றி எடுத்து முதற் கடைசலை முடித்தால் காய்வது நிதானமாக நடக்கும். யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவின் 25 நாளுக்குக் கடை போட நினைப்பவர்கள் பங்குனிக்குப் பிறகு தொடங்கினால் அரைகுறை ஈரத்தில்தான் விற்கவேண்டி வரும்.

அவசரமாகக் காயவேண்டும், அல்லது உளு பிடிக்கக்கூடிய வெளிறு நிறைய இருக்கிறது என்றால் அவித்தெடுக்கலாம். கிடாரத்தில் கிண்ணம் மூழ்கும்படி தண்ணீர் விட்டு, கொதிக்கத் தொடங்கியதில் இருந்து 1 அங்குலத் தடிப்புக்கு ஒரு மணித்தியாலம். அதே தண்ணீரிலேயே ஆறவிட்டு எடுத்துக் கடதாசிப் பைக்குள் வையுங்கள். முட்டையும் புழுவும் சாகும், மரத்தின் இறுக்கம் தளரும், வெடிப்புக் குறையும். பலாவின் மஞ்சள் கொஞ்சம் தண்ணீரில் போகும்.

இரண்டாம் கடைசல்

காய்ந்த கிண்ணம் நீள்வட்டமாகியிருக்கும், குமிழும் அப்படியே. அதனால் நேரே சக்கில் பிடிக்கவேண்டாம். வட்டக் கட்டை ஒன்றில் றப்பர்த் துண்டு வைத்துக் கிண்ணத்தை அதன்மேல் கவிழ்த்து, பின்னால் ரெயில்ஸ்ரொக்கால் அழுத்தி, முதலில் குமிழையும் பிறகு வெளிப்புறத்தையும் வட்டமாக்குங்கள். பின்னர் சக்கில் பிடித்து உள்ளே போகலாம்.

இறுதிச் சுவர் ¼ அங்குலம். உள்ளே முழுவதையும் ஒரே வீச்சில் மெல்லியதாக்கிவிடாதீர்கள். விளிம்பில் இருந்து 1½ அங்குலம் கீழேவரை இறுதித் தடிப்புக்குக் கொண்டுவந்து முடித்துவிட்டு, பிறகு அடுத்த 1½ அங்குலம். நடுவில் மரம் குறையும்போது விளிம்பு மீண்டும் அசையும். முடித்த விளிம்புக்கு உளியைத் திரும்பக் கொண்டுபோனால் அது அதிர்ந்து கீச்சிடும், வரிவரியாகத் தழும்பு விழும், சிலவேளை உடையும். ஆழம் இப்படி: முழு உயரம் 4, குமிழ் ⅜, அடித்தடிப்பு ⅜, ஆக உள்ளாழம் 3¼ அங்குலம். தடிப்பளக்கும் கலிப்பரால் அடிக்கடி பாருங்கள். அடிக்கு நெருங்கும்போது நடுவில் கூம்பாக ஒரு மேடு நிற்கும், 65 பாகை உளி அதை எடுக்கும். நார் பெயர்ந்த இடம் கிண்ணத்தில் எதிரெதிராக இரண்டு இடங்களில் தெரியும். அங்கே தண்ணீர் தொட்டு நாரை நனைத்து, புதிதாகச் சாணை பிடித்த உளியால் மயிரளவு ஒரு வெட்டுப் போதும். சாண்ட் பேப்பரால் அதை எடுக்க நினைத்தால் சுற்றிவரப் பள்ளம் விழும்.

சாண்ட் பேப்பர் 120, 180, 240, 320 என்று வரிசையாக, ஒன்றையும் தாண்டாமல். வேகம் பாதி. சூடு ஏறினால் மயிர்வெடிப்பு வரும், விரலுக்குச் சூடு தெரியும் முன் கையை எடுங்கள்.

செம்பு, கும்பம் போன்ற உயர்ந்த பாத்திரங்கள்

இவற்றில் நார் தண்டோடு நெடுக்காக ஓடும்படி குற்றியைப் பிடிப்பார்கள். அப்போது மேலே சொன்ன திசைகள் இரண்டும் தலைகீழாகும். வெளிப்புறம் பெரிய விட்டத்தில் இருந்து சிறியதற்கு, உட்புறம் நடுவில் இருந்து விளிம்புக்கு. 4 அங்குல விட்டத்தில் 6 அங்குல உயரம் தொடக்கத்துக்குப் போதும். நடுவில் 1 அங்குலத் துளை ஆழம்வரை போட்டால் குருத்தின் பெரும்பகுதி அதோடு போய்விடும். அடியில் மிஞ்சும் குருத்துப்புள்ளியில் நீர்போன்ற சூப்பர் குளூவை ஊறவிடுங்கள். வாய் ஒடுக்கமாக இருந்தால் சீவல் வெளியே வராமல் உள்ளே இறுகி உளியைப் பிடிக்கும், அரை நிமிடத்துக்கு ஒருதரம் நிறுத்திக் கொட்டவேண்டும். மரச்செம்பு அலங்காரத்துக்குத்தான், தண்ணீர் விட்டு வைத்தால் சுவர் ஊறிப் பிளக்கும்.

அரக்கும் எண்ணெயும்

கடைசல் சாமானுக்கு எங்கள் பக்கத்து நாடுகள் கண்ட மிக அழகான பூச்சு அரக்கு. இலங்கையின் லக்ஷ எனும் அரக்கு வேலையில் லேத்தில் செய்யும் வகையும் கர்நாடகத்துச் சென்னபட்டணாப் பொம்மைகளும் அந்த முறைதான். இயற்கை அரக்கோடு நிறப்பொடி சேர்த்துத் தணலில் இளக்கிப் பிசைந்து விரல் தடிப்பில் குச்சியாக உருட்டி வைத்துக்கொள்வார்கள். மரம் சுழலும்போது குச்சியை அழுத்திப் பிடித்தால் உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் படியும். 75 பாகை செல்சியசை அண்டி அது உருகும். பிறகு சென்னபட்டணாவில் தாழை மடலால் அழுத்தித் தேய்த்துப் பரப்பி மினுக்குகிறார்கள். இங்கே நன்றாகக் காய்ந்த முற்றிய பனையோலையை இரண்டாக மடித்து அழுத்தினாலும் வேலை நடக்கும். அரக்குப் பிடிக்க மூன்று வேண்டும்: முழுதாகக் காய்ந்த மரம், எண்ணெய் படாத மேற்பரப்பு, உராய்வுக்குப் போதிய வேகம். திட்டுத்திட்டாக உரிந்து வந்தால் ஈரமோ எண்ணெயோ காரணம். கோடுகோடாகச் சுருண்டால் வேகம் போதவில்லை. அகன்ற கிண்ணத்தின் உள்ளே குச்சி ஒழுங்காகப் படியாது. விளிம்பில் ஒரு கறுப்புப் பட்டையும் அடியருகே சிவப்புப் பட்டையும் வைத்து, இடையில் பூவரசின் நிறத்தை அப்படியே விடுவதுதான் எங்களுக்குப் பிடித்த அலங்காரம். பட்டையின் இரு ஓரத்திலும் முதலே மெல்லிய கீறல் போட்டால் நிறம் கலங்காது.

அரக்குக் குச்சி இல்லாமலும் முடிக்கலாம். 100 கிராம் அரக்குச் செதிலை அரை லீற்றர் மெதிலேற்றட் ஸ்பிரிட்டில் ஓர் இரவு கரையவிட்டு, மூன்று மெல்லிய பூச்சு. ஒவ்வொன்றுக்கும் இடையில் 400 சாண்ட் பேப்பரால் ஒரு தடவல். அதன்மேல் தேன்மெழுகு. சுழலும் கிண்ணத்தில் துணியால் பூசாதீர்கள், துணி சுற்றிக்கொண்டு விரலையும் இழுக்கும். கிழிந்துபோகக்கூடிய மென்கடதாசி பாதுகாப்பு.

எண்ணெய்தான் வேண்டும் என்றால் லின்சீட் எனும் ஆளிவிதை எண்ணெய். தேங்காயெண்ணெய் ஒருநாளும் இறுகாது, தூசு பிடிக்கும், காறல் மணம் வரும். நல்லெண்ணெய் பிசுபிசுத்து நிற்கும். பெயின்ற் கடையில் விற்கும் காய்ச்சிய லின்சீட்டில் விரைவாக உலரச் செய்யும் உலோக உப்புகள் சேர்ந்திருப்பதால் சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு அது வேண்டாம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிச் சீவல் குவியலில் எறிந்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வேலியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் வாளிக்குள் போடுங்கள்.

கடைசியாகக் குமிழைக் கழிக்கவேண்டும். மறுபடி றப்பர்க் கட்டையில் கவிழ்த்து, பிரிப்புளியால் குமிழை எடுத்து, அடியின் நடுவைக் கடதாசித் தடிப்பளவு உள்வாங்கலாக விட்டால் மேசையில் ஆடாமல் உட்காரும். நடுவில் மிஞ்சும் சிறு முளையைக் கைவாளால் அறுத்து மினுக்கிவிடுங்கள்.

கிண்ணம் ரொறன்ரோவுக்கோ லண்டனுக்கோ போகப்போகிறது என்றால் அதை இன்னும் ஒரு தடவை காயவைக்கவேண்டி இருக்கிறது. பனிக்காலத்தில் சூடாக்கிய வீட்டின் காற்று எங்கள் சோளகத்தையும்விட வறண்டது. இங்கே நிறை நின்றுவிட்ட மரம் அங்கே மறுபடி சுருங்கும். அப்படியானவற்றை இரண்டாம் கடைசலுக்கு முன் காற்றுத்துளை வைத்த மரப்பெட்டிக்குள் 40 வாற்ஸ் பழைய இழைமின்குமிழ் ஒன்றோடு இரண்டு கிழமை வைத்து, நிறை மேலும் இறங்கி நின்றபிறகு கடையுங்கள். எல்.ஈ.டி. குமிழ் போதிய சூடு தராது. கடைந்ததும் பூச்சைத் தள்ளிப்போடாமல் உள்ளும் புறமும் ஒரே அளவாகப் பூசிவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசிய சுவரில் ஈரம் மறுபக்கத்தால் போய்வரும், கிண்ணம் கோணும்.